அடுப்பிலிருந்து அடுப்புக்கு

ஊட்டியில், காந்தல் முக்கோணத்தில் ராத்திரி எட்டரை மணிக்கு நாலு பேர் கூடுவோம். 1988-ம் வருஷம், எனக்கு 19 வயது. ஒருவன் பேக்கரி மாஸ்டரின் மகன். ஒருவன் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தவரின் மகன். இன்னொருவன் தலைக்குந்தா பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, வந்து எங்கள் தெருவில் அறை எடுத்துப் படித்த படுகர் வீட்டுப் பையன். நான் எச்.பி.எஃப். என்ற பிலிம் தொழிற்சாலை ஊழியரின் மகன். ஸ்வெட்டர், அதன்மேல் அப்பாவின் பழைய கோட்டு, தலையில் குல்லா, கழுத்தில் மஃப்ளர். இரண்டாவது ஆட்டம் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லுவோம். ஆட்டம் முடிந்தாலும் திரும்ப மாட்டோம் என்பது வீட்டுக்கும் தெரியும்.

சமவெளியில் வளர்ந்த நண்பர்கள் தங்கள் இளமைக்கால ராத்திரிகளைச் சொல்லும்போது மொட்டைமாடி, பாலத்துச் சுவர், ஆற்று மணல் என்று உட்கார்ந்த இடங்களாகவே சொல்வார்கள். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. 2,240 மீட்டர் உயரத்தில், மார்கழி ராத்திரியில், கல் திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். அதனால் நடந்தோம். ஓர் அடுப்பில் கொஞ்ச நேரம் தீக்காய்வோம், பிறகு அடுத்த அடுப்பு. பழைய ஊட்டியை நான் இன்றும் அப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன்: எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, யாருடைய நெருப்பு எரியும் என்று.

முதல் தடவை கிளம்பிய அன்று அப்பா தடுக்கவில்லை. அவருக்கு இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை. 1967-ல் உற்பத்தி தொடங்கிய அரசு நிறுவனம். கறுப்பு வெள்ளை பிலிமும், ஆஸ்பத்திரிகளுக்கான எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து நாடு முழுக்கப் போயின. வெளிச்சம் பட்டால் பிலிம் வீண். அப்பா வேலை பார்த்த பகுதியில் ஷிஃப்ட் முழுக்க இருட்டுதான். அந்த இருட்டில் வண்டி தள்ளி, கத்தி வைத்து, எண்ணி, கட்டி, இருபது வருஷத்துக்கு மேல் பழகிய மனிதர்.

“போறதுன்னா போ. இருட்டுல நடக்கத் தெரிஞ்சுக்கிட்டுப் போ” என்றார். வாசலில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். வீட்டு விளக்கிலிருந்து வெளியே வந்ததும் உடனே நடக்காதே, கொஞ்சம் நில். கண் முழுக்க இருட்டுக்குப் பழக 20 நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஒரு தடவை டார்ச்சை நேராகப் பார்த்தால் பழகியதெல்லாம் போய்விடும். டார்ச் அடித்தால் காலடியில் மட்டும் அடி, எதிரே வருகிறவன் முகத்தில் அடிக்காதே. மேட்டுப்பக்கம் ஒட்டி நட, பள்ளத்துப்பக்கம் போகாதே. கடைசியாக ஒன்று: வளைவு வந்தால் குரல் கொடு. அவர்கள் பிலிம் வெட்டும் இருட்டறையில் ஒரு முனை திரும்பும்போது “வர்றேன்” என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவார்களாம். எதிரே வருபவர் கையில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் கழித்து இதே “வர்றேன்” வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காந்தலிலிருந்து ஊருக்குள் போக ஏரிக்கரை ரோடு. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்த ஏரி அது. அன்றைக்கு இன்னும் பெரிதாக இருந்தது. இப்போதுள்ள பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் ஏரி இருந்த பள்ளத்தில் வந்தவை. இதை நாங்கள் புத்தகத்தில் படிக்கும் முன்பே காலில் படித்துவிட்டோம். மேல் பஜாரிலிருந்து இறங்கி ரேஸ் கோர்ஸ் ஓரம் வந்தால் குளிர் சட்டென்று ஒரு பிடி கூடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போல் பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கும். வானம் துடைத்துவிட்டது போல் இருந்து, காற்றும் அசையாமல் இருந்தால் அன்றைக்கு உறைபனி உறுதி. மேகம் மூடியிருந்தால் பயமில்லை, அது போர்வை. காந்தல் பந்து மைதானமும் அப்படிப்பட்ட பள்ளம்தான். ஊரே பச்சையாக இருக்கும் காலையில் எங்கள் மைதானம் மட்டும் உப்புப் பூத்தது போல் வெளுத்துக் கிடக்கும்.

இங்கே ஒரு விஷயம். வெளியூர்க்காரர்கள் நடுராத்திரிதான் அதிகக் குளிர் என்று நினைத்து அதற்குத் தக்கபடி உடுத்தி வருவார்கள். உண்மையில் பொழுது புலரும் நேரம்தான் மிக மோசம். பூமி ராத்திரி முழுக்கச் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். சூரியன் வந்து கொஞ்ச நேரம் ஆகும்வரை அது நிற்காது. கிளம்பும்போது “போதும்” என்று தோன்றும் துணிக்கு மேல் ஒன்று கூடுதலாக வேண்டும், அதைத் தோளில் போட்டுக்கொண்டு போகவேண்டும். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினால் உள்பனியன் வேர்த்து நனையும். நனைந்த பனியனோடு நின்றால் கோட்டு எத்தனை இருந்தும் பயனில்லை. காலுறையும் அப்படித்தான். நான் இன்னொரு ஜோடியைப் பேப்பரில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்திருப்பேன். கம்பளிக்கு, கார்டன் பக்கம் கடை போட்டிருந்த திபெத்தியர்களிடம்தான் போவோம்.

முதல் அடுப்பு என்று தியேட்டரைச் சொல்லலாம். சேரிங்கிராஸ் தாண்டி அசெம்பிளி ரூம்ஸ். அங்கே நெருப்பு எதுவும் இல்லை, மனிதச் சூடுதான். கூட்டம் இல்லாத நாளில் நாலு பேரும் ஒட்டி உட்காருவோம். படம் விட்டதும் சேரிங்கிராஸ் நீரூற்று முன்னால் மற்றவர்களுக்காக நிற்போம். சென்னை கவர்னராக இருந்து 1881-ல் ஊட்டியிலேயே இறந்த வில்லியம் பாட்ரிக் ஆடம் நினைவாகக் கட்டியது. அங்கே நின்றால் கமர்ஷியல் ரோடு முழுக்கக் காலியாகத் தெரியும். பகலில் தோளோடு தோள் இடிக்கும் அதே ரோடு. சுவெட்டர் கடைகளின் ஷட்டர்களுக்கு முன்னால் நாய்கள் சுருண்டு கிடக்கும். ஒரு கூர்க்கா கோலைத் தட்டிக்கொண்டு வருவார். அந்தக் கோல் சத்தம் கேட்டால் எனக்குப் பயம் போய்விடும்.

இரண்டாவது அடுப்பு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடை. விடிய விடிய திறந்திருக்கும். கூடலூரிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ கடைசி வண்டியில் இறங்கி, ஊருக்குப் போக பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் அங்கே பெஞ்சில் விடியலுக்குக் காத்திருப்பார்கள். கடைக்கார அண்ணன் டீத்தூளைச் சட்டியில் போட்டுக் கொதிக்கவிட்டுத்தான் டீ போடுவார். அது ருசிக்காக மட்டும் இல்லை. இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிக்காரர் மாதிரி வடிகட்டியில் வைத்து ஊற்றினால் தூள் இறங்காது. பருப்பு வேக இங்கே குக்கர் இல்லாமல் முடியாது என்று அம்மா சொல்வதும் இதனால்தான். எங்களிடம் காசு எப்போதும் ரெண்டு டீக்குத்தான் இருக்கும். நாலாகப் பிரித்துக்கொள்வோம். அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரே ஒரு நிபந்தனை: “பெஞ்சுல தூங்குறவங்க பக்கத்துல சத்தம் போடாதீங்க தம்பி.”

மூன்றாவது அடுப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. மார்க்கெட் லோடுமேன்களின் அடுப்பு. அடி ஓட்டையான ஓர் இரும்புச் சட்டியைக் கல்மேல் வைத்து, உடைந்த பெட்டிப் பலகைகளைப் போட்டு எரிப்பார்கள். காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு மூட்டைகள் லாரியில் ஏறிக்கொண்டிருக்கும். விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேரவேண்டும். ஒரு லாரி நிறைந்து அடுத்தது வரும்வரை உள்ள இடைவெளியில் அவர்கள் வந்து கை காய்வார்கள். மண்டிக்காரர் மகன் எங்களோடு இருந்ததால் முதல் நாள் உட்கார விட்டார்கள். இரண்டாவது நாள் ஒரு பெரியவர் கேட்டார்: “நெருப்புக்கு என்ன கொண்டாந்தீங்க?”

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நெருப்பு யாரோ விறகு பொறுக்கி, யாரோ ஊதி, யாரோ காத்து வைத்திருப்பது. சும்மா வந்து உட்கார்ந்தால் அவர்களுடைய சூட்டில் பங்கு எடுக்கிறோம். அன்றிலிருந்து காந்தலிலிருந்து வரும் வழியில் யூகலிப்டஸ் குச்சிகளும் பட்டைகளும் பொறுக்கி வருவோம். தைல மரத்துப் பட்டை காகிதம் மாதிரி உரிந்து கிடக்கும், நெருப்பு பற்றவைக்க அதைவிட நல்லது இல்லை. விறகு கிடைக்காத மழைநாளில் நாலு மூட்டை தூக்கிக் கொடுப்போம். ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொள்ள அந்தப் பெரியவர்தான் கற்றுக்கொடுத்தார்: முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கி உட்கார்ந்து எழு, மூட்டை உன் மேல் சாயட்டும். இன்றைக்கும் கேஸ் சிலிண்டர் தூக்கும்போது அப்படித்தான் தூக்குகிறேன்.

2019-ல் அந்த மார்க்கெட்டில் தீப்பிடித்துக் கடைகள் எரிந்தன. மறுநாள் போய்ப் பார்த்தேன். நாங்கள் உட்கார்ந்த இடம் எது என்று கரிக்கும் தகரத்துக்கும் நடுவே கண்டுபிடிக்க முடியவில்லை. ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சித்திரையில் மட்டும் இந்த வரிசை மாறும். சந்தைக்கடை மாரியம்மன் கோவில் திருவிழா ஒரு மாதம் நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு சமூகத்தாரின் உபயம். தமிழர், மலையாளி, கன்னடர், படுகர் என்று மேல் பஜாரில் ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு மேளம். தேர் அன்று ஜனங்கள் தேர்மேல் உப்பு வீசி நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். ராத்திரி தேர் போன ரோட்டில் நடந்தால் செருப்புக்கடியில் நறநறவென்று இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் ரோடு மின்னும். உறைபனிக் காலம் முடிந்து மூன்று மாதம் கழித்து, ஊர் தானாகவே ஒரு வெள்ளையைத் தரையில் விரித்தது போல் எனக்குத் தோன்றும். மே 3-ம் தேதி காந்தல் குருசடித் திருவிழா. அன்றைக்கு நாங்கள் டவுனுக்குப் போகவேண்டியதில்லை, டவுனே எங்கள் தெருவுக்கு வரும்.

கடைசி அடுப்பு, பேக்கரி. போர்மா என்று மலையாளத்து மாஸ்டர்கள் சொல்வார்கள். செங்கல் குகை மாதிரி இருக்கும். உள்ளே விறகை மணிக்கணக்கில் எரித்து, கங்கை ஒதுக்கிவிட்டு, கல் வாங்கிவைத்த சூட்டிலேயே வேகவைப்பது. அடுக்கடுக்கான ஊட்டி பிஸ்கட்டான வர்க்கிக்கு மைதா, சர்க்கரை, உப்பு, வனஸ்பதி. புளிக்கவைக்க முதல் நாளே போட்டுவைத்த மாவா. மாஸ்டர் மாவை இழுத்து விரித்து, மடித்து, மறுபடி விரித்து அடுக்கு ஏற்றுவார். அவர் மகன் எங்களோடு ஊர் சுற்றிவிட்டு வந்து மூன்று மணிக்கு அப்பாவுக்கு எதிரே நின்று மாவு உருட்டுவான். நாங்கள் போர்மா வாய்க்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்காருவோம். ராத்திரி முழுக்க உடம்பில் ஏறிய குளிர் அங்கேதான் எலும்பிலிருந்து இறங்கும்.

நாலு மணிக்கு முதல் தட்டு வெளியே வரும். ஆசைப்பட்டு எடுத்துக் கடித்தால் ஏமாற்றம்தான். சூட்டில் வர்க்கி மெத்தென்று இருக்கும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். “அவசரப்படாதீங்கடா, அது இன்னும் வர்க்கி ஆகலை” என்பார் மாஸ்டர். வாங்கிப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டினால் தன் ஆவியிலேயே நமுத்துப்போகும். காகிதத்தில் சுற்றி, முழுக்க ஆறவிட்டு, பிறகு டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். 2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அந்த மாஸ்டரின் கைதான் நினைவுக்கு வந்தது. வலது கை மணிக்கட்டு முழுக்கச் சூட்டுத் தழும்பு.

இனி சொல்லப்போவதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

1990 ஜனவரி. கடும் உறைபனி. மார்க்கெட்டிலிருந்து கிளம்பும்போது பெரியவர் இல்லை. சட்டியில் கங்கு தணலாகக் கிடந்தது; புகை துளியும் இல்லை. வேறொரு தகரச் சட்டியில் கொஞ்சம் கங்கும், மேலே கொஞ்சம் அடுப்புக்கரியும் வாங்கிக்கொண்டு, படுகர் நண்பனின் அறைக்குப் போனோம். புகை இல்லாத நெருப்பு, அதனால் ஆபத்தில்லை என்று நால்வருமே நம்பினோம். ஜன்னலைச் சாத்தினோம். கதவடி இடுக்கில் சாக்கைச் சொருகினோம். அந்த மார்கழி முழுக்க நான் அனுபவிக்காத சுகம் அது. ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டோம்.

பேக்கரி நண்பனுக்குக் குமட்டிக்கொண்டு முழிப்பு வந்திருக்கிறது. எழுந்தவனுக்குக் கால் நிற்கவில்லை. கதவின்மேல் சரிந்து விழுந்தான். தாழ்ப்பாள் பலவீனமாக இருந்ததால் கதவு திறந்துகொண்டது. அந்த நல்லூழால்தான் இதை எழுத நான் இருக்கிறேன். வீட்டுக்காரம்மா சத்தம் கேட்டு வந்து எங்களை ஒவ்வொருவராக முற்றத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். மண்டிக்காரர் மகனுக்கு நினைவு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து மறுநாள் மதியம்தான் கண் திறந்தான். எனக்கு இரண்டு நாள் மண்டையைப் பிளக்கும் வலி.

கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, தொண்டையில் கரிக்காது. ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிப்போகும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். உடம்பு மூச்சுவிட்டுக்கொண்டே மூச்சுத்திணறும். தலைவலி, குமட்டல், காலில் பாரம், விளங்காத தூக்கம் – இவைதான் அடையாளம். ஒரே அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலித்தால் சாப்பாட்டைச் சந்தேகிக்காமல் முதலில் கதவைத் திறங்கள். வெளியே வந்துவிடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர் தெளித்து, டீ கொடுத்து, மறுபடி உள்ளே படுக்கவைக்காதீர்கள்.

இப்போது காந்தலில் எங்கள் பழைய வீட்டில் மூன்று அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறேன். டிசம்பர் வந்தால் யாராவது ஒருவர் கேட்பார்: “அண்ணா, ரூமுக்குள்ள கரி அடுப்பு வைக்கலாமா?” குழந்தை இருக்கிறது, பாட்டி இருக்கிறார் என்று கெஞ்சுவார்கள். முடியாது என்பேன். முற்றத்தில் மூட்டித் தருகிறேன், நானும் கூட உட்காருகிறேன், படுக்கும்முன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுகிறேன். உள்ளே போக வெந்நீர்ப் பையும், கூடுதலாக இரண்டு கம்பளியும் தருகிறேன். பிரியாணி அடுப்பு மிச்சக் கங்கை வேனுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைத்துத் தூங்கி உயிர்விட்டவர்கள் செய்தி மலைப்பகுதிகளில் இன்னும் வருகிறது. ஒவ்வொன்றையும் படிக்கும்போது அந்தச் சாக்கைச் சொருகிய என் கை நினைவுக்கு வரும். குளிருக்குச் சாராயம் குடிப்பதும் இதே மாதிரி ஒரு பொய்ச்சூடுதான். தோலுக்கு ரத்தத்தை அழைத்துவந்து, சூடாக இருப்பது போல் காட்டி, உள்சூட்டை வெளியே விட்டுவிடும்.

போன வருஷம் தங்கை மகன் கோயம்புத்தூரிலிருந்து மூன்று நண்பர்களோடு வந்தான். “மாமா, நீங்க சுத்துன மாதிரி ராத்திரி ஒரு ரவுண்டு போலாமா?” கூட்டிக்கொண்டு போனேன். அன்று நாங்கள் பயந்தது தெருநாய்களுக்கு. இன்று காட்டெருமை ஊருக்குள்ளேயே நிற்கிறது. குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடி கோவிலில் புகுந்து விளக்கிலுள்ள எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது. கடை வாசலில் கொட்டிய மிச்சம் மீதியைத் தேடி வருகிறது. அதனால் பையன்களிடம் தின்பண்டம் எதையும் கையில் எடுத்து வரக்கூடாது என்றேன். காதில் பாட்டு மாட்டக்கூடாது. காட்டெருமையைக் கண்டால் நின்று, ஓசைப்படாமல் பின்வாங்கி, அதற்கு வழி விடவேண்டும். போட்டோ எடுக்க லைட் அடிக்கக்கூடாது. ஆனால் அது நம்மைத் திடீரென்று பார்க்காமல் இருக்க வளைவுக்கு முன்பே நாம் வருவது அதற்குத் தெரியவேண்டும்.

பந்து மைதானத்தைத் தாண்டி ஒரு திருப்பம். நான் நின்றேன். பையன்களும் நின்றார்கள்.

“வர்றேன்” என்றேன்.

“யாருக்கு மாமா சொல்றீங்க?”

பதில் சொல்ல வாய் திறக்கும்முன் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் குளம்புச் சத்தம் எழுந்தது. கனமான நடை, அவசரமில்லாமல், மேட்டுத் தோட்டத்துக்குள் ஏறிப்போனது. அது முழுக்க அடங்கும்வரை நின்றோம். பிறகு மற்ற நால்வரும், யாரும் சொல்லாமலே, ஒவ்வொருவராக “வர்றேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.